அறிக்கைச் சர்வரை நிறுவும் முறை

தரவுத்தளத்துக் கணக்குகளைத் திரட்டி, வேண்டுவார்க்கு அறிக்கையாக வழங்குவது ஜாஸ்பர்ரிப்போர்ட்ஸ் சர்வர். அது தனித்து இயங்குவதன்று; டாம்கேட் போன்றதொரு ஜாவா சர்வரினுள்ளே தங்கியே இயங்கும். அதன் வார் கோப்பை டாம்கேட்டின் வெப்ஆப்ஸ் அடைவில் இட்டாற் போதுமென நம்மிற் பலர் எண்ணுகிறோம். அது போதாது. அறிக்கை வடிவங்களும் பயனர் உரிமைகளும் தங்குதற்குத் தனித் தரவுத்தளம் ஒன்று வேண்டும். அதனோடு தொடர்பு கொள்ள ஜேடிபிசி டிரைவரும் பிழையற்ற கடவுச்சொல்லும் வேண்டும்.

பதிப்புப் பொருத்தமும் இன்றியமையாதது. 2020-இல் வெளிவந்த ஜகார்த்தா இஇ 9, சர்வ்லெட்டுகளின் 'ஜாவாக்ஸ்' என்னும் முற்பெயரை 'ஜகார்த்தா' என மாற்றிற்று. டாம்கேட் 10 அப்புதுப்பெயரையே அறியும். ஆதலின் டாம்கேட் 9-க்கென இயற்றப்பெற்ற செயலி அதில் அவ்வாறே இயங்காது. இதனை ஆராயாது தொடங்கின், மாத முடிவில் அறிக்கையை எதிர்நோக்கியிருப்போர் வெறுங்கையராவர். ஆகவே பொருத்தமறிந்து, பழைய தரவுத்தளத்திற்குப் படியெடுத்து வைத்த பின்னரே நாம் இப்பணியைத் தொடங்குவோமாக.