காரில் ஒரு ரேடியோப் பெட்டி

தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்ல வேண்டும் என்பது ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் எங்களுக்குக் கற்பித்த முதற்பாடம். அந்தப் பாடத்தை மற்றவர்களுக்குச் சொல்லி முப்பதாண்டுகளுக்கு மேல் பிழைத்த நான், என் சொந்தக் காரில் அதை மறந்தேன். மறந்ததன் பயனை மலைப்பாதையிலே அனுபவித்தேன். அந்த அனுபவத்தை முன்னிட்டே, காரில் புதிய ரேடியோப் பெட்டி பொருத்துவதைப் பற்றியும், அதில் ஆம்பிளிஃபயர் என்னும் கருவியை விலக்குவதைப் பற்றியும் இன்று சில சொல்ல விழைகிறேன்.

ஓய்வு பெற்ற பிறகு என் மகள் தன் பழைய காரை எனக்குக் கொடுத்தாள். அதனுடன் வந்த ரேடியோப் பெட்டி பழுதாகிவிட்டது. தேனியிலிருந்து கம்பம் வரை செல்லும்போது கோடைப் பண்பலையைக் கேட்டுக்கொண்டே செல்வது என் வழக்கமாதலால், கடை ஒன்றில் புதிய பெட்டி வாங்கிப் பொருத்தச் செய்தேன். பெட்டியில் விளக்கு எரிந்தது, எண்கள் தோன்றின, ஓசை மட்டும் எழவில்லை. “காரோடு வந்த ஆம்பிளிஃபயர் செத்துவிட்டது, ஐயா. அதை விட்டுவிட்டு நேரே ஸ்பீக்கருக்குக் கொடுத்துவிடுகிறேன்” என்றார் அங்கிருந்த இளைஞர். அரை மணி நேரத்தில் பாட்டுக் கேட்டது. நானும் மகிழ்ந்து வீடு திரும்பினேன்.

இரண்டு வாரம் கழித்து, லோயர் கேம்ப்பைக் கடந்து குமுளி மலைப்பாதையில் ஏறிக்கொண்டிருந்தோம். பின் இருக்கையில் மகளும் பேரனும் இருந்தார்கள். மூன்றாவது வளைவிலே ரப்பர் கருகும் நாற்றம் வந்தது. முன்பலகையின் இடுக்கிலிருந்து புகை கசிந்தது. வண்டியை ஓரத்தில் நிறுத்தி, அவர்களை இறக்கிவிட்டு, ஸ்பேனரால் பேட்டரியின் கம்பியைக் கழற்றினேன். புகை அடங்கிற்று. எவருக்கும் தீங்கு இல்லை. ஆனால் என் கை நடுக்கம் அடங்க நெடுநேரம் ஆயிற்று.

மறுநாள் என் பழைய மாணவர் ஒருவரிடம் காரைக் கொண்டு சென்றேன். அவர் இன்று கார்களுக்கு மின்வேலை செய்பவர். ஃபியூஸ் பெட்டியைத் திறந்து காட்டினார். ரேடியோவுக்குரிய ஃபியூஸ் இருக்க வேண்டிய இடத்தில் செம்புக் கம்பியின் இழைகள் சுற்றப்பட்டிருந்தன. “சார், ஃபியூஸ் என்பது வேண்டுமென்றே வைக்கப்பட்ட பலவீனம் என்று ஒன்பதாம் வகுப்பில் நீங்கள்தான் சொன்னீர்கள்” என்றார். நான் தலை குனிந்தேன்.

நடந்தது என்னவென்று அவர் விளக்கினார். கடைக்காரர் பேட்டரியைக் கழற்றாமலே வேலை செய்திருக்கிறார். மின்சாரம் உள்ள கம்பி இரும்பில் பட்டு, ஃபியூஸ் போயிருக்கிறது. மாற்று ஃபியூஸ் கைவசம் இல்லாததால் செம்பை வைத்திருக்கிறார். இணைப்புகளை முறுக்கி மேலே நாடா ஒட்டியிருந்தார். வெயிலில் நின்ற காரின் உட்சூட்டில் நாடாவின் பசை இளகி, நாடா நழுவி, மஞ்சள் கம்பி இரும்புச் சட்டத்தில் உராய்ந்திருக்கிறது. ஃபியூஸ் இருந்திருந்தால் ஒரு நொடியில் உருகிக் காத்திருக்கும். செம்பு உருகவில்லை, ஆகவே கம்பியே கருகியது.

இனி, அந்தக் கம்பிகளின் கணக்கைப் பார்ப்போம். கடையில் விற்கும் புதிய பெட்டிகளில் பெரும்பாலானவை ஒரே நிற முறையைப் பின்பற்றுகின்றன. மஞ்சள் நிறக் கம்பி பேட்டரியின் 12 வோல்ட்டை எப்போதும் பெறுவது; நேரமும் நிலையங்களின் நினைவும் அதனாலேயே நிற்கின்றன. சிவப்பு, சாவியைத் திருப்பினால் மட்டும் மின்சாரம் பெறுவது. இவ்விரண்டையும் மாற்றி இணைத்தால், சாவியை எடுக்கும்போதெல்லாம் பெட்டி தன் நினைவை இழக்கும். கறுப்பு, காரின் உடலோடு சேர்வது. வெள்ளை, சாம்பல், பச்சை, ஊதா ஆகியவை முறையே முன் இடது, முன் வலது, பின் இடது, பின் வலது ஸ்பீக்கர்களுக்கு உரியவை. அதே நிறத்தில் கறுப்புக் கோடு இருந்தால் அது எதிர்முனை. இந்த நிறங்கள் புதிய பெட்டியின் பக்கத்துக்கே பொருந்தும். காரின் பக்கத்து நிறங்கள் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். ஆகவே நிறத்தோடு நிறத்தை இணைப்பது அறிவுடைமை அன்று. அந்தக் காருக்குரிய படத்தைப் பார்த்தோ, மீட்டர் வைத்து அளந்தோதான் இணைக்க வேண்டும்.

இன்னும் இரண்டு கம்பிகள் உண்டு. நீலக் கம்பி ஏரியலுக்கு உரியது. பல கார்களில் கூரை ஏரியலின் அடியில் சிறு மின்கருவி ஒன்று அலையைப் பெருக்கித் தருகிறது. அதற்கு மின்சாரம் போகாவிட்டால், தேனியில் கேட்ட நிலையம் உத்தமபாளையம் தாண்டியதும் இரைச்சலாகிவிடும். நாம் நிலையத்தைக் குறை கூறுவோம். குற்றம் இணைக்காமல் விட்ட நீலக் கம்பியிலே இருக்கும். வெள்ளைக் கோடிட்ட நீலக் கம்பி ஆம்பிளிஃபயரை எழுப்புவது. ஆம்பிளிஃபயர் பெரும்பாலும் இருக்கைக்கு அடியிலோ காரின் பின்னறையின் ஓரத்திலோ தனிப் பெட்டியாக இருக்கும். ரேடியோ எழுந்தவுடன் இந்தக் கம்பியில் 12 வோல்ட் அனுப்பி, “நீயும் எழு” என்று சொல்கிறது. என் காரில் இந்தக் கம்பி காற்றில் தொங்கிக்கொண்டிருந்தது. மாணவர் அதை உரிய இடத்தில் தொட்டார். செத்துவிட்டதாகச் சொல்லப்பட்ட ஆம்பிளிஃபயர் உடனே விழித்துக்கொண்டது. உறங்கியவனை இறந்தவன் என்று எண்ணிப் பாடை கட்டியிருந்தார்கள்!

ஆகவே நேயர்களே, ஆம்பிளிஃபயரை விலக்குவதற்கு முன் அது உண்மையில் பழுதானதா என்று பாருங்கள். அதற்கு மின்சாரம் வருகிறதா, உடலோடு இணைப்பு இருக்கிறதா, எழுப்பும் கம்பி எழுப்புகிறதா என்று மூன்றையும் அளந்து பாருங்கள். நல்ல நிலையில் இருந்தால், புதிய பெட்டியின் பின்னுள்ள மெல்லிய சைகை முனைகளிலிருந்து அதற்குத் தருவதே முறை. ஸ்பீக்கருக்குரிய வலுவான வெளியீட்டை அதற்குள் அப்படியே செலுத்தலாகாது. வாய்க்காலில் விட வேண்டிய நீரை நாற்றங்காலில் திறந்துவிடுவது போன்ற செயல் அது.

பின்னறையில் மழைநீர் புகுந்து கருவி பாழாகியிருந்தால், விலக்குவதே வழி. வழிகள் இரண்டு. புதிய பெட்டியிலிருந்து ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் புதுக் கம்பி இழுப்பது ஒன்று. இது உழைப்பு மிக்கது, உறுதியானது. ஆம்பிளிஃபயரின் இணைப்பியைக் கழற்றி, உள்ளே வரும் கம்பியையும் ஸ்பீக்கருக்குப் போகும் கம்பியையும் இணை இணையாகச் சேர்ப்பது மற்றொன்று. இதில் ஆம்பிளிஃபயரை முழுவதும் கழற்றிவிட வேண்டும். அது இணைப்பில் இருக்கும்போதே சேர்த்தால், இரு வெளியீடுகள் ஒன்றோடொன்று மோதிப் புதிய பெட்டியும் கெடும்.

இங்கே மூன்று எச்சரிக்கைகள். முதலாவது, ஸ்பீக்கர்களின் எதிர்முனைகளை ஒன்றாகக் கட்டி இரும்பில் சேர்க்கக் கூடாது. இன்றைய பெட்டிகளில் இரு முனைகளும் உழைக்கின்றன. எதிர்முனை எனப்படுவது வெறும் தரை அன்று. இரண்டாவது, ஸ்பீக்கரின் மின்தடையை அளக்க வேண்டும். பெரும்பாலான பெட்டிகள் 4 ஓம்மிற்குக் குறையாத ஸ்பீக்கர்களுக்கே செய்யப்பட்டவை. ஆம்பிளிஃபயருடன் வரும் சில கார்களிலோ 2 ஓம் ஸ்பீக்கர்கள் உண்டு. அவற்றை நேரே இணைத்தால் பெட்டி கொதிக்கும். மூன்றாவது, கீச்சு ஓசைக்கான சிறிய ஸ்பீக்கர்களுக்குத் தாழ்ந்த ஓசையைத் தடுத்தளிக்கும் வேலையைச் சில கார்களில் அந்த ஆம்பிளிஃபயரே செய்துவந்திருக்கும். அதை விலக்கினால், தக்க மின்தேக்கி ஒன்றை வைத்தாலொழிய அவை எரிந்துபோகும்.

பெட்டியின் அட்டையில் “நான்கு முறை 50 வாட்” என்று அச்சிட்டிருப்பார்கள். அதை நம்பி ஆம்பிளிஃபயர் தேவையில்லை என்று எண்ணாதீர்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். என்ஜின் ஓடும்போது மின்னழுத்தம் ஏறக்குறைய 14 வோல்ட். பெட்டியின் ஃபியூஸ் 10 ஆம்பியர். பெருக்கினால் 140 வாட். 140 வாட் வாங்குகிற பெட்டி இடைவிடாமல் 200 வாட் எவ்வாறு கொடுக்கும்? அதிலும் ஒரு பகுதி சூடாகக் கழிகிறது. தொடர்ந்து தரும் ஆற்றல் ஒரு ஸ்பீக்கருக்குச் சுமார் 20 வாட் அளவினதே. கேட்பதற்கு அது போதும். ஊரைக் கூட்டுவதற்குப் போதாது.

ஸ்பீக்கரின் முனைகளை அறிய எளிய சோதனை ஒன்றுண்டு; என் வகுப்பறையிலே செய்து காட்டியது. பெரிய ஸ்பீக்கரின் முனைகளில் 1.5 வோல்ட் சுவர்க் கடிகாரச் செல்லை ஒரு கணம் தொடுங்கள். காகிதக் கூம்பு வெளிநோக்கி நகர்ந்தால், செல்லின் நேர்முனை பட்ட முனையே ஸ்பீக்கரின் நேர்முனை. இரு ஸ்பீக்கர்களில் ஒன்றைத் திருப்பி இணைத்துவிட்டால், ஒன்று தள்ளும்போது மற்றொன்று இழுத்து, மிருதங்கத்தின் தொப்பி ஓசை மெலிந்துபோகும்.

வேலையின் ஒழுங்கும் சுருக்கமானதே. முதலில் பேட்டரியின் எதிர்முனையைக் கழற்றுங்கள். மஞ்சள் உறையிட்ட இணைப்பிகள் உயிர்காக்கும் காற்றுப் பைகளுக்கு உரியவையாதலால் அவற்றைத் தொடாதீர்கள். ஒவ்வொரு கம்பிக்கும் சீட்டு எழுதிக் கட்டுங்கள். இணைப்புகளை ஈயம் பற்றவைத்தோ, கருவியால் அழுத்தியோ செய்து, சூட்டில் சுருங்கும் உறையிடுங்கள். குறித்த அளவுள்ள ஃபியூஸையே போடுங்கள். அது மீண்டும் மீண்டும் போகுமானால், அது கூறும் புகாரைக் கேளுங்கள். அதன் வாயை அடைக்காதீர்கள்.

என் மாணவர் அன்று மாலை எல்லாவற்றையும் சீராக்கிக் கொடுத்தார். கருகிய கம்பியில் ஒரு சாண் துண்டைக் கேட்டு வாங்கி வந்து, என் மேசையின் மீது வைத்திருக்கிறேன். கடைக்காரர் இளைஞர், அவருக்கு யாரும் சொல்லித் தராமல் இருந்திருக்கலாம். எனக்குத் தெரியும். தெரிந்தும், பாட்டுக் கேட்ட மகிழ்ச்சியில் ஃபியூஸ் பெட்டியின் மூடியைத் திறந்து பார்க்கவில்லை. நேயர்களே, நீங்கள் திறந்து பாருங்கள்.