நடிகவேள் ராதா: மேடை தந்த புகழும் ஒரு மாலை தந்த பழியும்

தோட்டத்துத் திடலில் வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டிய காலம் ஒன்று இருந்தது. பாயைச் சுருட்டி எடுத்துக்கொண்டு குடும்பம் குடும்பமாகப் போய் உட்கார்ந்து பார்த்த பெரியவர்கள், எம்.ஆர். ராதாவின் குரலை மறந்திருக்க மாட்டார்கள். கரகரத்த குரல் திடீரென்று கீச்சுக் குரலாகும். மறுபடி இறங்கி உறுமும். வில்லனாக வந்தாலும் அவர் பேசப் பேசக் கூட்டம் சிரிக்கும்.

அவர் பெயரைச் சொன்னால் இன்று இரண்டு செய்திகள்தாம் பலருக்கு நினைவு வருகின்றன. ஒன்று, இரத்தக்கண்ணீர். மற்றொன்று, 1967-ஆம் ஆண்டு ஜனவரி 12-ஆம் நாள் அவர் எம்.ஜி.ஆரைத் துப்பாக்கியால் சுட்டது. அந்த மாலைக்கு முன்னால் அறுபது ஆண்டு வாழ்க்கை ஒன்று இருந்தது. அதில் பெரும்பகுதி நாடக மேடையிலேயே கழிந்தது. அந்த வாழ்க்கையை இன்று சிறிது பார்ப்போம்.

ராதாவின் முழுப்பெயர் மெட்ராஸ் ராஜகோபால் ராதாகிருஷ்ணன். 1907-ஆம் ஆண்டு சென்னை சிந்தாதிரிப்பேட்டையில் பிறந்தார். தகப்பனார் ராஜகோபால் நாயுடு பட்டாளத்துக்காரர். முதல் உலகப் போரில் அவர் உயிரிழந்தார். குடும்பத்தைத் தாங்கும் பொறுப்பு தாயார் ராஜம்மாளின் தலையில் விழுந்தது. சிறுவன் ராதாவுக்குப் படிப்பில் மனம் செல்லவில்லை. முன்கோபமும் அதிகம். ஒரு நாள் சாப்பாட்டில் இன்னொரு துண்டு மீன் கேட்டுத் தாயாரோடு சண்டை வந்தது என்றும், கோபித்துக்கொண்டு வீட்டை விட்டே ஓடிவிட்டான் என்றும் சொல்வார்கள். ஓடிய பிள்ளை எழும்பூர் ரயில் நிலையத்தில் பெட்டி தூக்கினான். அவனிடம் பெட்டியைக் கொடுத்தவர்களில் ஒருவர் ஆலந்தூர் டப்பி ரங்கசாமி நாயுடு. அவர் நாடகக் கம்பெனி நடத்தியவர். பையனுடைய சுறுசுறுப்பைப் பார்த்து, தம்மோடு அழைத்துப் போனார். ராதாவின் நாடக வாழ்க்கை இப்படித் தொடங்கிற்று.

அந்தக் காலத்து நாடகக் கம்பெனி என்றால் என்னவென்று இளைய நேயர்களுக்குச் சொல்ல வேண்டும். 'பாய்ஸ் கம்பெனி' என்று அதற்குப் பெயர். பத்து வயது, பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளைச் சேர்த்து, உணவும் உடையும் கொடுத்து, பாட்டும் வசனமும் கற்பித்து, ஊர் ஊராக அழைத்துச் சென்று நடிக்க வைப்பார்கள். ராஜாவும் ராணியும் பையன்களே. சங்கரதாஸ் சுவாமிகள் 1918-ஆம் ஆண்டு மதுரையில் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை இவற்றுள் புகழ் வாய்ந்தது. வாத்தியாரின் பிரம்புக்குப் பயந்து பிள்ளைகள் பாடம் செய்வார்கள். வறுமைப்பட்ட வீடுகளில், ஒரு பிள்ளையாவது மூன்று வேளை சாப்பிடட்டும் என்று தாய்மார் கண்ணீரோடு அனுப்பி வைத்ததும் உண்டு.

எம்.ஜி.ஆரும் அப்படிப் போன பிள்ளைதான். இலங்கை மலைநாட்டில், தேயிலைத் தோட்டங்கள் சூழ்ந்த நாவலப்பிட்டியில் 1917-இல் பிறந்தார். தகப்பனாரை இளமையிலேயே இழந்தார். வறுமை காரணமாக மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில் சேர்ந்தார். ராதாவோ ஜெகந்நாத ஐயர் கம்பெனியில் பயின்றார். பின்னாளில் ஒருவர் மற்றவரைச் சுட்டார் என்ற செய்தியை மட்டும் கேட்டவர்களுக்கு, இருவரும் தகப்பனில்லாப் பிள்ளைகளாக, ஒரே வகையான கம்பெனிச் சோற்றில் வளர்ந்தவர்கள் என்பது வியப்பாக இருக்கும்.

பினாங்கில் இருக்கும் நமக்கும் இந்தக் கம்பெனி நாடகத்துக்கும் உறவு உண்டு. வண்ணத் திரைகளும் ஆர்மோனியமும் பளபளக்கும் உடைகளும் தமிழ் மேடைக்கு வந்தது பெரும்பாலும் பம்பாயின் பார்சி நாடகக் குழுக்களைப் பார்த்துத்தான். அதே பார்சிக் குழுக்கள் கடல் கடந்து பினாங்குக்கும் வந்தன. அவர்களுடைய உடைகளையும் திரைகளையும் வாங்கி, மாமாக் புஷி என்பவர் 1885-ஆம் ஆண்டு இங்கே ஒரு குழு அமைத்தார் என்பது வரலாறு. மலாய் மக்களின் பங்சாவான் நாடகம் வளர்ந்த கதை அது. பிறகு, நாகப்பட்டினத்திலிருந்து ரஜூலா போன்ற கப்பல்களில் நம் முன்னோர் வந்திறங்கிய அதே துறைமுகத்தில் தமிழ் நாடகக்காரர்களும் பெட்டிகளோடு இறங்கினார்கள்.

சரி, ராதாவிடம் வருவோம். அவர் வளர்ந்த காலத்தில் கதாநாயகன் என்றால் பாட வேண்டும். எட்டுக் கட்டைச் சுருதியில் பாடினால்தான் கொட்டகை நிறையும். ராதாவுக்குச் சங்கீதம் வரவில்லை. வேறொருவராக இருந்தால் திரைக்குப் பின்னால் கயிறு இழுத்தே காலம் கழிந்திருக்கும். அவர் பேச்சையே தமக்குப் பாட்டாக்கிக் கொண்டார். எழுதிக் கொடுத்த வசனத்தை அப்படியே ஒப்பிக்க மாட்டார். அன்று காலைப் பத்திரிகையில் வந்த செய்தி, அந்த ஊரில் நடக்கும் அநியாயம், முன்வரிசையில் இருக்கும் பெரிய மனிதர் ஆகிய எல்லாம் அவர் வாயில் விழும். கூட்டத்திலிருந்து யாராவது குரல் கொடுத்தால், அதற்கும் மேடையிலிருந்தே பதில் வரும். அதனால் நேற்றுப் பார்த்த நாடகத்தை இன்றும் பார்க்க வந்தார்கள்.

1937-இல் ராஜசேகரன் என்ற படத்தில் முதன்முதலாக நடித்தார். ஆனால் படத்துறை அப்போது அவரைப் பிடித்து வைக்கவில்லை. அவர் மேடைக்கே திரும்பினார். இழந்த காதல், விமலா அல்லது விதவையின் கண்ணீர், தூக்குமேடை முதலிய நாடகங்கள் அவருக்குப் பெயர் தந்தன. தூக்குமேடையை எழுதியவர் மு. கருணாநிதி. அவருக்குக் 'கலைஞர்' என்ற பட்டம் கிடைத்தது ராதாவால்தான் என்பர். ராதாவுக்கு 'நடிகவேள்' என்ற பட்டத்தைக் கொடுத்தவர் பட்டுக்கோட்டை அழகிரிசாமி. பெரியாரின் கொள்கைகளை ஏற்றுக்கொண்ட ராதா, சாதி, மூட நம்பிக்கை, விதவைகளின் துயரம் ஆகியவற்றை மேடையில் கடுமையாகப் பேசினார்.

எல்லாவற்றிலும் பெரிய வெற்றி திருவாரூர் தங்கராசு எழுதிய இரத்தக்கண்ணீர். வெளிநாடு போய்த் திரும்பிய பணக்கார வாலிபன் மோகனசுந்தரம் தாயையும் மனைவியையும் மதிக்காமல், தாசி ஒருத்தியிடம் சொத்தையெல்லாம் இழக்கிறான். கடைசியில் தொழுநோய் கண்டு தெருவில் அலைகிறான். 1954-இல் கிருஷ்ணன் – பஞ்சு இயக்கத்தில் இது படமாகவும் வந்தது. இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நோயைப் பாவத்தின் சம்பளமாகக் காட்டுவது நாடகத்துக்குப் பொருந்தலாம், மருத்துவத்துக்குப் பொருந்தாது. தொழுநோய் கிருமியால் வருவது. மருந்து சாப்பிட்டால் முழுவதும் குணமாகும். நம் ஜெரெஜாக் தீவில் ஒரு காலத்தில் நோயாளிகளைப் பிரித்து வைத்திருந்தார்களே, அவர்கள் எந்தப் பாவமும் செய்தவர்கள் அல்லர்.

இராமாயணத்தைக் கேலி செய்து ராதா நடத்திய நாடகம் பெரும் கலவரத்தைக் கிளப்பியது. மனம் புண்படும் என்று நினைப்பவர்கள் வர வேண்டாம் என்று அவரே விளம்பரம் செய்தார். பலருக்கு அது மனவருத்தம் தந்தது உண்மை. 1954-இல் சென்னை அரசாங்கம் நாடகங்களைக் கட்டுப்படுத்தப் புதிய சட்டமே கொண்டுவந்தது. அந்தச் சட்டத்தின் முக்கியமான பிரிவுகள் செல்லாது என்று 2013-இல் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியது. சிறைக்கும் தடைக்கும் அஞ்சாதவர் என்ற பெயரை ராதா இந்தக் காலத்தில்தான் பெற்றார்.

இப்போது அந்த 1967-ஆம் ஆண்டுக்கு வருவோம். பெற்றால்தான் பிள்ளையா படத்தைத் தயாரித்த கே.கே. வாசுவோடு ராதா, சென்னை இராமாவரத்தில் இருந்த எம்.ஜி.ஆர். வீட்டுக்குப் போனார். பேச்சின் நடுவே துப்பாக்கி வெடித்தது. குண்டு எம்.ஜி.ஆரின் இடது காதருகே பாய்ந்தது. ராதா தம்மையும் சுட்டுக்கொண்டார். இருவரும் பிழைத்தார்கள். எம்.ஜி.ஆர்தாம் முதலில் சுட்டார் என்று ராதா தரப்பு வாதாடியது. நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. ராதாவுக்கு ஏழாண்டுக் கடுங்காவல் விதித்தது. மேல்முறையீட்டில் தண்டனை குறைந்து, 1971-இல் விடுதலையானார்.

எம்.ஜி.ஆருக்கு உயிர் தப்பியது. குரல் பழையபடி திரும்பவில்லை. மேடையில் பேசிப் பிழைத்த ஒருவர், அதே தொழில் செய்த இன்னொருவரின் குரலைக் கெடுத்தார் என்பதுதான் இந்தச் சம்பவத்தில் மிகவும் வருந்தத்தக்கது. எந்த நாடகப் புகழும் இதற்கு ஈடாகாது.

அமெரிக்காவிலும் இப்படி ஒரு நடிகன் இருந்தான். பெயர் ஜான் வில்க்ஸ் பூத். 1838-இல் பிறந்தவன். தகப்பனாரும் தமையனாரும் பேர்பெற்ற நடிகர்கள். இவனும் இளமையிலேயே மேடையேறிப் புகழடைந்தான். அடிமை முறையை ஆதரித்த அவன், 1865 ஏப்ரல் 14-ஆம் நாள் இரவு, வாஷிங்டன் நகரத்து ஃபோர்டு கொட்டகையில் நாடகம் பார்த்துக்கொண்டிருந்த அதிபர் ஆபிரகாம் லிங்கனைச் சுட்டான். நாடகம் அவனுக்கு மனப்பாடம். எந்த வசனத்துக்குக் கூட்டம் உரக்கச் சிரிக்கும் என்று தெரிந்து, அந்தச் சிரிப்பில் வெடிச்சத்தம் அடங்கும்படி சுட்டான். பிறகு மேடையில் குதித்தான். அதுவும் நாடகத்தில் ஒரு காட்சி என்று சிலர் நினைத்தார்களாம். மறுநாள் லிங்கன் இறந்தார். பன்னிரண்டு நாளில் பூத்தும் சுடப்பட்டு இறந்தான்.

பூத் தான் கற்ற கலையையே கொலைக்குக் கருவியாக்கினான். ராதா அப்படிச் செய்யவில்லை. அவர் மேடையில் கற்றது வேறு, அன்று மாலை செய்தது வேறு. ஆனால் மக்கள் இரண்டையும் ஒன்றாக்கிவிட்டார்கள். படத்தில் வில்லனாக வந்தவர் உண்மையிலும் வில்லன் என்றார்கள். படத்தில் சுடுகிறவரைப் பார்த்துக் கைதட்டிய நாமே, உண்மையில் சுட்டபோதும் அதைப் படம் பார்ப்பது போலப் பார்த்தோம். ராதா வில்லனாக நடித்ததால் குற்றவாளி ஆகவில்லை. நீதிமன்றத்தில் குற்றம் மெய்ப்பிக்கப்பட்டதால் குற்றவாளி ஆனார். நடிகனை வேடத்தைக் கொண்டு எடை போடாமல், செயலைக் கொண்டு எடை போட நம் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டும்.

சிறையிலிருந்து வந்த ராதா மறுபடியும் நடித்தார். மலேசியாவில் அவர் ஆற்றிய சொற்பொழிவு ஒலிப்பதிவாகி, அவர் காலத்துக்குப் பிறகும் பலரால் கேட்கப்பட்டு வருகிறது. 1979 செப்டம்பர் 17-ஆம் நாள், பெரியார் பிறந்த நாளன்று, திருச்சியில் காலமானார். அப்போது தமிழ்நாட்டின் முதலமைச்சராக இருந்தவர் எம்.ஜி.ஆர்.

மீன் துண்டுக்காக வந்த கோபம் ஒரு பையனை மேடைக்கு அனுப்பியது. அந்தக் கோபத்தில் அவன் கையில் ஆயுதம் இல்லை. அதனால் யாருக்கும் கேடில்லை. அறுபதாம் வயதில் வந்த கோபத்தின்போது கையில் துப்பாக்கி இருந்தது. கோபம் எல்லோருக்கும் வரும், நேயர்களே. பால் வெட்டும் கத்தியும் கோடரியும் வைத்துப் பிழைக்கும் வீடுகளில், கோபம் வரும் நேரத்தில் கை எங்கே போகிறது என்று பார்த்துக்கொள்வது நல்லது.