பழைய வண்டி 'செல்ஃப்' எடுக்கவில்லையா?

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டார வணிகர்களில் சொந்தமாக ஒரு சரக்கு வண்டியாவது வைத்திருப்போர் பலர். பத்து, பதினைந்து ஆண்டு ஓடிய டாட்டா 407 முதல் லேலண்ட் லாரி வரை அவற்றில் உண்டு. கோயம்பேட்டில் விடியுமுன் காய்கறி ஏற்றி முடித்து, சாவியைத் திருப்பினால் 'டக்' என்ற ஓசையோடு நின்றுவிடும். கொத்தமல்லியும் தக்காளியும் மெக்கானிக் வரும்வரை காத்திருக்குமா? அவசரத்தில் புதுப் பேட்டரி வாங்கி மாட்டுகிறோம். நான்கு நாளில் மறுபடியும் அதே கதை. கோளாறு பேட்டரியில் இல்லாமல் ஒயரில் இருந்தால் எத்தனை பேட்டரி மாற்றினாலும் பயனில்லை. அதைக் கண்டுபிடிக்கும் வழியை உறுப்பினர்களும் ஓட்டுநர்களும் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

முதலில் ஒரு விஷயம். பழைய டீசல் எஞ்சினுக்குப் பெட்ரோல் வண்டி போல ஸ்பார்க் பிளக் கிடையாது. பம்பும் பற்சக்கரத்தால் ஓடுவது. எனவே ஒருமுறை ஓடத் தொடங்கிவிட்டால் மின்சாரம் இல்லாமலும் ஓடிக்கொண்டே இருக்கும். (டீசலை நிறுத்த மின்சார சொலினாய்டு வைத்த பம்புகள் மட்டும் இதற்கு விலக்கு.) மின்கோளாறு நாள்கணக்கில் வெளியே தெரியாமல் இருப்பதற்குக் காரணம் இதுதான். செல்ஃப் நன்றாகச் சுற்றியும் எஞ்சின் பிடிக்கவில்லை என்றால் டீசல் லைனில் காற்றுப் புகுந்திருக்கிறதா என்று பாருங்கள். ஒயரைக் குறை சொல்ல வேண்டாம்.

செல்ஃப் சுற்றவே இல்லை என்றால் ஹெட்லைட்டைப் போட்டுவிட்டுச் சாவியைத் திருப்புங்கள். விளக்கு அடியோடு மங்கினால் பேட்டரி இறங்கியிருக்கிறது, அல்லது அதன் டெர்மினலில் பிடிப்பு இல்லை. விளக்கு பளிச்சென்று எரிந்து, ஓசையே இல்லாவிட்டால் சாவி சுவிட்சிலிருந்து சொலினாய்டுக்குப் போகும் சிறிய ஒயரில் மின்சாரம் வரவில்லை. விளக்கு மங்காமல் ஒரே ஒரு 'டக்' மட்டும் கேட்டால் சொலினாய்டின் செம்புத் தொடுமுனையோ மோட்டாரின் கார்பன் பிரஷ்ஷோ தேய்ந்திருக்கலாம். தடித்த கேபிளில் தடையும் இருக்கலாம்.

இந்தத் தடை என்பதுதான் பலரை ஏமாற்றுவது. எலக்ட்ரீஷியன் டெஸ்ட் லாம்பை வைத்துப் பார்க்கிறார், நன்றாக எரிகிறது, 'ஒயர் சரியாக இருக்கிறது' என்கிறார். அந்தச் சிறிய பல்பு ஒரு ஆம்பியர் கூட எடுப்பதில்லை. கேபிளில் ஒரே ஒரு செம்பு இழை மிச்சமிருந்தாலும் அது எரியும். செல்ஃப் மோட்டாரோ 300 ஆம்பியர் வரை இழுக்கக்கூடியது. டெர்மினலில் படிந்த வெள்ளைப் பூ 0.01 ஓம் தடை கொடுத்தால் போதும், 300 ஆம்பியருக்கு 3 வோல்ட் அங்கேயே போய்விடும். 12 வோல்ட் வண்டியில் கால் பங்கு வழியிலேயே தீர்ந்துபோனால் மோட்டார் எப்படிச் சுற்றும்?

ஆகவே அளவு பார்ப்பது சாவியைத் திருப்பிப் பிடித்திருக்கும்போதுதான். ஒரு மல்டிமீட்டர் போதும். வண்டி நிற்கும்போது நல்ல பேட்டரி 12.6 வோல்ட் அளவில் காட்டும். செல்ஃப் அடிக்கும்போது சுமார் 9.5-க்குக் கீழே இறங்கக் கூடாது. அதே நேரத்தில் மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவ் தூணிலும் மறு முனையைச் சுத்தமான எஞ்சின் இரும்பிலும் வையுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் கெட்டிருக்கிறது. எஞ்சினிலிருந்து சேஸிஸுக்குப் போகும் பின்னல் பட்டை துருவேறி இற்றுப் போயிருக்கும். எர்த் அறுந்தால் மின்சாரம் வேறு வழி தேடும். ஆக்சிலரேட்டர் கேபிள் சுட்டுப் புகைவது கூட இதனால்தான். ஜம்பர் கேபிள் ஒன்றைப் பேட்டரி நெகட்டிவிலிருந்து நேரே எஞ்சினுக்குக் கொடுத்துப் பாருங்கள். உடனே எடுத்தால் சந்தேகமே வேண்டாம்.

நம் பகுதிக்கென்று சில தொல்லைகள் உண்டு. 2015, 2023 டிசம்பர் மழைகளைப் போலத் தண்ணீர் தேங்கும்போது நனைந்த ஒயர் வெளியே புதிதுபோல் இருக்கும். உள்ளே செம்பு பச்சை பூத்துக்கொண்டே போகும். மாதங்கள் கழித்துத்தான் தகராறு தெரியும். அரிசி, பருப்பு கிடங்கின் ஓரத்தில் வண்டி நிறுத்துவோருக்கு எலி. அது கடித்த இடம் பெரும்பாலும் டேஷ்போர்டின் பின்னாலோ கேபின் அடியிலோ இருக்கும். கடித்த ஒயரை முறுக்கி டேப் சுற்றுவது வீடு வந்து சேரத்தான் உதவும். பிறகு சாலிடர் வைத்து உறை போடச் சொல்லுங்கள். பியூஸ் போனால் சிகரெட் பெட்டித் தாளைச் சுற்றி வைக்கும் வழக்கத்தை மட்டும் எந்த ஓட்டுநருக்கும் அனுமதிக்காதீர்கள். பியூஸ் காப்பாற்றாத ஒயர் எரியும். சரக்கும் சேர்ந்து எரியும்.

பெரிய லாரிகளில் இரண்டு 12 வோல்ட் பேட்டரிகள் சேர்ந்து 24 வோல்ட். பாட்டுப் பெட்டிக்கும் செல்போன் சார்ஜருக்கும் ஒரு பேட்டரியிலிருந்து மட்டும் இணைப்பு எடுப்பார்கள். அந்தப் பேட்டரி எப்போதும் அரைப் பட்டினி; மற்றது அளவுக்கு மீறிச் சார்ஜாகித் தண்ணீர் வற்றும். ஆறு மாதத்தில் இரண்டும் காலி. 24-ஐ 12 ஆக்கும் கன்வர்ட்டர் போட்டுவிட்டால் இந்தச் செலவு இல்லை. எஞ்சின் ஓடும்போது பேட்டரியைக் கழற்றி 'ஆல்டர்னேட்டர் வேலை செய்கிறதா' என்று சோதிப்பதும் வேண்டாம்; டயோடு போய்விடும். எஞ்சின் ஓடுகையில் 12 வோல்ட் வண்டியின் பேட்டரியில் 14 வோல்ட் அளவில் காட்டுகிறதா என்று மீட்டரில் பார்த்தாலே தெரியும்.

செல்ஃப் மோட்டாரைக் கழற்ற வேண்டி வந்தால் நமக்கு அலைச்சல் குறைவு. 1961-இல் தொடங்கிய லூகாஸ் டி.வி.எஸ். தொழிற்சாலை பாடியில்தான் இருக்கிறது. அந்த மோட்டார்களைப் பிரித்துப் பழகிய கைகள் அம்பத்தூர் பக்கம் நிறைய. பழைய உதிரி பாகத்துக்குப் புதுப்பேட்டை. எங்கே கொண்டுபோனாலும், பேட்டரியைக் கழற்றும்போது முதலில் நெகட்டிவ், மாட்டும்போது கடைசியில் நெகட்டிவ் என்று ஆளிடம் சொல்லிவிடுங்கள். ஸ்பானர் சேஸிஸில் பட்டாலும் தீப்பொறி பறக்காது.