மானிட்டர் ஆஃப் பண்ணா திரும்ப ஆன் ஆகலையா? 9,000 ரூபாய் இஎம்ஐ போடறதுக்கு முன்னாடி இதைப் படிங்க

இது டெக் சேனல் இல்லையேன்னு கேக்கறீங்களா? பணம் போற வழி எதுவா இருந்தாலும் அது நம்ம டாபிக்தான். கள்ளக்குறிச்சியிலயோ சின்னசேலத்துலயோ வீட்டுல உக்காந்து சென்னை, பெங்களூரு கம்பெனிக்கு வேலை பார்க்கிறவங்க இப்ப நிறைய பேர். ராத்திரி மானிட்டர் பட்டனை அமுக்கி ஆஃப் பண்ணிட்டுப் படுப்பீங்க. காலையில 9 மணி மீட்டிங், பட்டனை அமுக்கினா கருப்பு ஸ்கிரீன். கை உடனே ஷாப்பிங் ஆப்புக்குப் போகும். மாசக் கடைசின்னா நேரா இஎம்ஐதான்.

கொஞ்சம் பொறுங்க. இந்த மாதிரி கேஸ்ல நிறைய நேரம் மானிட்டர் நல்லாத்தான் இருக்கும்.

முதல்ல பவர் லைட்டைப் பாருங்க. லைட்டே எரியலைன்னா கரண்ட் உள்ள வரலை. பிளக், எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், அடாப்டர் மூணையும் மாத்திப் பாருங்க. லைட் ஆரஞ்சாவோ விட்டு விட்டோ எரிஞ்சா, இல்ல "நோ சிக்னல்"னு எழுத்து வந்தா, பெரும்பாலும் மானிட்டர் உயிரோட இருக்கு, கம்ப்யூட்டர்ல இருந்து படம் வரலை. லைட் வழக்கமான கலர்ல எரிஞ்சும் ஸ்கிரீன் கருப்புன்னா, ரூமை இருட்டாக்கி மொபைல் டார்ச்சைச் சாய்வா அடிச்சுப் பாருங்க. மங்கலா ஐகான் தெரிஞ்சா பேக்லைட் பிரச்சினை. அது நிஜமாவே காசு செலவாகிற கேஸ்.

இப்ப அந்த நடு கேஸுக்கு வருவோம். டிஸ்ப்ளேபோர்ட் கேபிள்ல இணைச்சிருந்தா, மானிட்டர் பட்டனை ஆஃப் பண்றப்போ நிறைய மாடல்கள்ல கம்ப்யூட்டருக்கு "கேபிளையே பிடுங்கிட்டாங்க"ங்கிற மாதிரிதான் தெரியும். திரும்ப ஆன் பண்றப்போ ரெண்டும் புதுசா கை குலுக்கணும். அதுல ஒண்ணு தூங்கிட்டா படம் வராது. எச்டிஎம்ஐ-ல இந்தத் தொல்லை கம்மி.

செலவே இல்லாத வைத்தியம் இருக்கு. கீபோர்டில் விண்டோஸ், கண்ட்ரோல், ஷிஃப்ட், பி நாலையும் சேர்த்து அமுக்குங்க. கிராபிக்ஸ் டிரைவர் மறுபடி ஆரம்பிக்கும், ஒரு பீப் சத்தம் கேட்கும். அதுக்கும் வரலைன்னா மானிட்டர் பவர் கேபிளைச் சுவர்ல இருந்து கழட்டி, மானிட்டர் பட்டனைப் பத்து செகண்ட் பிடிச்சு, ஒரு நிமிஷம் விட்டு மாட்டுங்க. பாதிப் பேருக்கு இங்கேயே கதை முடிஞ்சிடும். திரும்பத் திரும்ப வந்தா மானிட்டர் மெனுவுக்குள்ள போய் "டீப் ஸ்லீப்" மாதிரி எதாவது இருந்தா அணைச்சு, இன்புட்டை ஆட்டோவில் விடாம நீங்க மாட்டியிருக்கிற போர்ட்டையே செலக்ட் பண்ணுங்க. விண்டோஸ் பவர் செட்டிங்ல ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பையும் அணைச்சுப் பாருங்க. இதுக்கெல்லாம் மசியலைன்னா சில நூறு ரூபாய்க்கு வேற கேபிள் வாங்கிப் பாருங்க. பக்கத்து வீட்டுல கடன் வாங்கி டெஸ்ட் பண்ணா அதுவும் மிச்சம்.

கம்பெனி கொடுத்த மானிட்டரா? இவ்வளவும் வேண்டாம். ஐடி டீமுக்கு டிக்கெட் போடுங்க, ஸ்க்ரூ டிரைவரைத் தொடாதீங்க.

"ஆஃப் பண்ணலைன்னா கரண்ட் பில் ஏறாதா?"ன்னு ஒரு கேள்வி வரும். கணக்கு போடுவோம். இப்ப வர்ற மானிட்டர் ஸ்டாண்ட்பையில் சுமார் அரை வாட்தான் எடுக்கும். 24 மணி நேரம், 60 நாள்: 0.72 யூனிட். நம்ம பில் ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவை. யூனிட் 7 ரூபாய்னு வெச்சாலும் 5 ரூபாய். அதனால பட்டனை விட்டுட்டு, கம்ப்யூட்டரே ஸ்கிரீனைத் தூங்க வைக்கிற மாதிரி செட் பண்ணிடுங்க.

ஆனா வெள்ளிமலை, கச்சிராயபாளையம் பக்கம் இருக்கிறவங்களுக்கு இதுல ஒரு விதிவிலக்கு. மலையில இடி மழை இறங்கினா 5 ரூபாய் கணக்கு பார்க்காம பிளக்கையே பிடுங்குங்க. மானிட்டர் எஸ்எம்பிஎஸ் பொதுவா 100-ல இருந்து 240 வோல்ட் வரை தாங்கும், அதனால லோ வோல்டேஜ் பெரிய எதிரி இல்லை, ஸ்டெபிலைசரும் தேவையில்லை. கரண்ட் போய்த் திரும்ப வர்றப்போ அடிக்கிற ஸ்பைக்தான் எதிரி. ஸ்பைக் கார்டு வாங்கினாலும் மூணாவது பின்னுக்கு ஒழுங்கான எர்த் இல்லைன்னா அது பாதி வேலைதான் செய்யும். எலக்ட்ரீஷியனை வெச்சு எர்த்தை ஒரு தடவை பார்த்துடுங்க. தெருவுக்கே வோல்டேஜ் ஆடினா மின்னகம் 94987 94987-ல புகார் போடுங்க.

இன்னொரு அறிகுறி. மார்கழிக் குளிர்ல காலையில ரெண்டு மூணு தடவை அமுக்கினாத்தான் வருது, மத்தியானம் உடனே வருதுன்னா, உள்ள இருக்கிற கெப்பாசிட்டர் காய்ஞ்சு போச்சுன்னு சந்தேகப்படலாம். பார்ட்ஸ் விலை சில ரூபாய்தான், மீதி மெக்கானிக் கூலி. யூடியூப் பார்த்து நீங்களே திறக்காதீங்க (எங்க சேனல்லயும் அந்த வீடியோ வராது). பிளக்கைக் கழட்டின பிறகும் உள்ள 300 வோல்ட்டுக்கு மேல நிற்கலாம்.

மெக்கானிக்கைக் கூப்பிடறதுக்கு முன்னாடி பில்லைத் தேடுங்க. பிராண்டட் மானிட்டர் பெரும்பாலானதுக்கு 3 வருஷம் வாரண்டி உண்டு. ஆன்லைன்ல வாங்கியிருந்தா பழைய ஆர்டர்ல இன்வாய்ஸ் கிடைக்கும். சேலமோ விழுப்புரமோ தூக்கிட்டு வாங்கன்னு சொன்னா, வீட்டுக்கு வந்து பார்க்கிற சர்வீஸ் உங்க வாரண்டியில் இருக்கான்னு முதல்ல கேளுங்க. நியாயமே இல்லாம மறுத்தா தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதுலயும் தீரலைன்னா 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்க குடியிருக்கிற மாவட்டத்து ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். பொருள் வாங்கின விலை 5 லட்சம் வரைன்னா கட்டணம் கிடையாது.

எல்லாம் பார்த்தும் புதுசுதான் வேணும்னா வாங்குங்க, தப்பில்லை. ஆனா "நோ காஸ்ட்" இஎம்ஐ-யிலும் வட்டிப் பகுதிக்கு 18% ஜிஎஸ்டி உங்க தலையிலதான். 9,000 ரூபாய் மானிட்டரை 9 மாசத்துக்குப் போட்டா, 15% வட்டின்னு வெச்சா வட்டி சுமார் 530, அதுக்கு ஜிஎஸ்டி 95. பிராசஸிங் ஃபீ 199, அதுக்கு ஜிஎஸ்டி 36. மொத்தம் 330 ரூபாய். அந்தக் காசுக்கு ஒரு நல்ல கேபிளே வாங்கிடலாம்.