மூணு மலை, மூணு பேங்க்: உங்க சேவிங்ஸ் வட்டி ஏன் 2.5 சதவீதம்?

இந்த எபிசோடை செஞ்சியில இருந்து பதிவு பண்றோம். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரின்னு மூணு மலையையும் ஒரே மதில் சுத்தி வளைச்சிருக்கிற கோட்டை. 2025-ல யுனெஸ்கோ பட்டியல்லயும் சேர்ந்தாச்சு. நாம இன்னைக்குப் பேசப்போறது வேற மூணு மலையைப் பத்தி: எஸ்பிஐ, ஹெச்டிஎஃப்சி பேங்க், ஐசிஐசிஐ பேங்க்.

இந்த மூணையும் நான் சும்மா சேர்த்துச் சொல்லல. ‘இவற்றில் ஒன்று சரிந்தாலும் நாட்டின் நிதி அமைப்பே ஆடும்’ என்று ரிசர்வ் வங்கி தனியாகப் பட்டியல் போட்டிருக்கிற வங்கிகள் இவை. எஸ்பிஐயும் ஐசிஐசிஐயும் 2015-ல, ஹெச்டிஎஃப்சி பேங்க் 2017-ல அந்தப் பட்டியலுக்கு வந்துச்சு.

இணைப்புகளும் பெரிய வங்கிகளை இன்னும் பெருசாக்கிடுச்சு. 2017 ஏப்ரல் 1 அன்று எஸ்பிஐ தன்னோட ஐந்து துணை வங்கிகளையும் பாரதிய மகிளா வங்கியையும் உள்ள இழுத்துக்கிச்சு. 2020 ஏப்ரல் 1 அன்று நம்ம இந்தியன் வங்கியோட அலகாபாத் வங்கி சேர்ந்துச்சு. 2017 தொடக்கத்துல 27 பொதுத்துறை வங்கிகள் இருந்தன. 2020-ல 12 ஆயிடுச்சு.

சரி, இதனால நமக்கு என்ன? செஞ்சி ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தை நினைச்சுப் பாருங்க. ஒரு விவசாயி நெல் மூட்டையைக் கொண்டுவந்து இறக்குறார். பத்து வியாபாரி போட்டி போட்டு விலை கேட்டா, நல்ல விலை கிடைக்க வாய்ப்பு அதிகம். பெரிய வியாபாரிங்க மூணே பேர்னா, அவங்க சொல்றதுதான் விலை. பேங்க்ல நீங்கதான் அந்த விவசாயி, உங்க டெபாசிட்தான் நெல்லு.

சேமிப்புக் கணக்குக்கு வட்டியை வங்கிகளே முடிவு பண்ணலாம்னு ரிசர்வ் வங்கி 2011-ல விட்டுடுச்சு. அதுக்கு முன்னாடி எல்லா வங்கியிலும் ஒரே வட்டி, 4 சதவீதம். 2025 ஜூன்ல ரெப்போ விகிதம் குறைஞ்சதும், மூணு பெரிய வங்கிகளும் 2.5 சதவீதத்துல வந்து நின்னுச்சு. சில சிறு நிதி வங்கிகள் அதைவிட அதிகமா தர்றாங்க. ஆனாலும் நம்ம சம்பளப் பணம் பெரிய இடத்துலயே தூங்குது.

ஏன்னா, ‘இவங்களை அரசாங்கம் விழ விடாது’ன்னு ஒரு நம்பிக்கை. அதனால குறைஞ்ச வட்டிக்கே பணம் குவியுது. மலிவா பணம் கிடைச்சா பேங்க் இன்னும் வளரும். வளர வளர, விழ விட முடியாத நிலைமையும் கூடும். இந்தச் சுழலுக்குக் கடிவாளமாத்தான் இவங்க கூடுதல் மூலதனம் வைக்கணும்னு விதி இருக்கு. 2025 ஏப்ரல் முதல் எஸ்பிஐக்கு 0.80, ஹெச்டிஎஃப்சி பேங்குக்கு 0.40, ஐசிஐசிஐக்கு 0.20 சதவீதம்.

சின்ன பேங்க்ல ரிஸ்க் இல்லையான்னு கேட்டா, இருக்கு. 1926-ல கரூர்ல தொடங்கின லட்சுமி விலாஸ் வங்கியில 2020 நவம்பர்ல 25,000 ரூபாய்க்கு மேல எடுக்க முடியாதுன்னு கட்டுப்பாடு வந்துச்சு. பத்து நாளைக்குள்ள அது டிபிஎஸ் வங்கியோட இந்தியத் துணை நிறுவனத்தோட இணைக்கப்பட்டது. டெபாசிட் போட்டவங்க பணம் தப்பிச்சது. பங்கு வாங்கினவங்க முதலீடு பூஜ்யம் ஆச்சு.

இதுல நாம கவனிக்க வேண்டிய விஷயம் ஒண்ணு இருக்கு. டெபாசிட் காப்பீடு, வங்கி பெருசா சின்னதான்னு பார்க்காது. ஒரு வங்கியில ஒருத்தருக்கு, வட்டியும் சேர்த்து 5 லட்சம் ரூபாய் வரைக்கும்தான். எஸ்பிஐல போட்டாலும் அவ்வளவுதான், கும்பகோணத்து சிட்டி யூனியன் வங்கியில போட்டாலும் அவ்வளவுதான்.

அதனால அவசரச் செலவுக்கான பணத்தை ஒரே இடத்துல வைக்காம, ரெண்டு வங்கியில பிரிச்சு வைங்க. ரெண்டாவது கணக்கைத் திறக்கும்போது வட்டியை ஒப்பிட்டுப் பாருங்க. விற்பனைக் கூடத்துல விலை கேட்காம யாரும் மூட்டையை அவிழ்க்கிறதில்லையே!