சமமற்ற ஆட்டத்தில் ஒரு மறைமுகக் கை

சதுரங்கத்தில் வலியவரும் எளியவரும் மோதுவது புதிதல்ல. ஐந்து முறை உலக சாம்பியனான விஸ்வநாதன் ஆனந்தை ஒரு பங்கு வணிக அதிபர் வென்றதும், மறுநாளே அந்த வெற்றி சாயம் வெளுத்ததும்தான் வியப்புக்குரியவை.

கொரோனா நிவாரண நிதி திரட்டுவதற்காக 2021 ஜூன் 13 அன்று இணையவழியில் அந்தக் காட்சி ஆட்டம் நடைபெற்றது. நடிகர் ஆமிர் கான், கிரிக்கெட் வீரர் யுஸ்வேந்திர சாஹல் உள்ளிட்டோர் ஆனந்துடன் ஆடினர். 'ஜெரோதா' நிறுவனத்தின் இணை நிறுவனர் நிகில் காமத் வெற்றி பெற்றார். ஐயம் எழவே, ஆட்டத்தை நடத்திய 'செஸ்.காம்' தளம் அவரது கணக்கை முடக்கியது. ஆட்டத்தை ஆராய்ந்தவர்களின் உதவியையும் கணினியின் உதவியையும் பெற்றதாக ஒப்புக்கொண்ட காமத், மன்னிப்புக் கோரினார்.

பலகையில் இருந்த நிலையை வைத்தே தாம் ஆடியதாகவும், மற்றவர்களிடமும் அதையே எதிர்பார்த்ததாகவும் கூறியதோடு ஆனந்த் நிறுத்திக்கொண்டார். அகில இந்திய சதுரங்க சம்மேளனம் கண்டனம் தெரிவித்தது. எனினும், தரப்புள்ளிகள் கணக்கில் வராத ஆட்டம் என்பதாலும், ஆனந்த் மேல்நடவடிக்கையை விரும்பாததாலும் முடக்கம் நீக்கப்பட்டது.

நற்பணிக்கான ஆட்டம்தானே என்று இதனை ஒதுக்கிவிட முடியாது. முற்காலத்தில் வலிய ஆட்டக்காரர் ஒரு சிப்பாயையோ குதிரையையோ விட்டுக்கொடுத்து ஆடுவது உண்டு. அந்தச் சலுகை இருவரும் அறிய, பலகையின் மீதே நடந்தது. 1997இல் 'டீப் புளூ' கணினி காஸ்பரோவைத் தோற்கடித்தது. இன்று கைப்பேசியில் இயங்கும் மென்பொருளே எந்த மனிதரையும் விஞ்சும். அத்தகைய துணை மறைவில் நுழையும்போது, எதிரே அமர்ந்திருக்கும் மேதையே எளியவராகிவிடுகிறார். அவருக்கு மட்டும் அது தெரிவதில்லை.

எளியவர் நேர்மையாக வெல்ல முடியாதா? முடியும். 2022 பிப்ரவரியில் 2612 தரப்புள்ளிகள் கொண்டிருந்த சென்னைச் சிறுவன் பிரக்ஞானந்தா, 2865 புள்ளிகளுடன் உலகின் முதலிடத்தில் இருந்த கார்ல்சனை இணையவழி விரைவு ஆட்டமொன்றில் கறுப்புக் காய்களுடன் 39 நகர்த்தல்களில் வீழ்த்தினார். அப்போது அவருக்கு வயது 16.

இருவருக்கும் காய்கள் பதினாறே, விதிகளும் ஒன்றே. வலிமையில் சமமில்லாதவர்களுக்கு அந்தப் பலகை அளிக்கும் ஒரே சமத்துவம் அதுதான். அதைக் காப்பது வலியவரின் கடமை மட்டுமன்று, எளியவரின் கடமையும் ஆகும்.