தையல் பிரித்த பிறகுதான் தொடங்குகிறது முழங்கால் சிகிச்சை

2024 செப்டம்பரில் சேப்பாக்கம் மைதானத்தில் வங்கதேசத்துக்கு எதிராக இந்தியக் கிரிக்கெட் வீரர் ரிஷப் பந்த் 109 ரன்கள் குவித்தார். 21 மாத இடைவெளிக்குப் பிறகு அவர் ஆடிய முதல் டெஸ்ட் அது. 2022 டிசம்பர் 30 அதிகாலையில் ரூர்க்கி அருகே நடந்த கார் விபத்தில் அவருடைய வலது முழங்கால் மூட்டு இடம்பெயர்ந்து, ஜவ்வுகள் கிழிந்திருந்தன. காலையே எடுக்க வேண்டி வந்துவிடுமோ என்று அஞ்சியதைப் பின்னாளில் ஒரு பேட்டியில் அவரே சொன்னார். 2023 ஜனவரியில் மும்பையில் அறுவை சிகிச்சை. அதன்பின் பெங்களூரு தேசிய கிரிக்கெட் அகாடமியில் நெடிய பயிற்சி. 2024 மார்ச் 23 அன்று ஐபிஎல் போட்டியில் அவர் மீண்டும் மட்டை பிடித்தபோது விபத்து நடந்து ஏறக்குறைய 15 மாதங்கள் ஆகியிருந்தன.

அந்த 15 மாதங்களில் அறுவை அரங்கில் கழிந்தவை சில மணி நேரங்கள்தான். மற்றதெல்லாம் வீக்கத்தை வடியவைப்பது, காலை நீட்டுவது, மடக்குவது, ஊன்றுகோலோடு நடப்பது, தண்ணீருக்குள் நடப்பது, எடை தூக்குவது என்று அன்றாடம் தொடர்ந்த உழைப்பு. நம் குடும்பங்களிலோ இது தலைகீழாக நடக்கிறது. அறுவை சிகிச்சைக்குக் கடன் வாங்கியாவது செலவழிப்பார்கள். தையல் பிரித்ததும் எல்லாம் முடிந்தது என்று நினைத்துப் பிசியோதெரபியை இரண்டு வாரத்தில் நிறுத்திவிடுவார்கள். ஆறு மாதம் கழித்து, “ஆபரேஷன் பண்ணியும் கால் பழையபடி ஆகலை” என்று வருந்துவார்கள். செய்த அறுவை சிகிச்சை பெரும்பாலும் சரியாகவே இருக்கும். அதற்குப் பிந்தைய பாதி சிகிச்சையே நடக்காமல் போயிருக்கும்.

கிழிவது எது?

தொடை எலும்பையும் கால் எலும்பையும் நான்கு முக்கியத் தசைநார்கள் பிடித்துவைத்திருக்கின்றன. மூட்டின் நடுவில் இரண்டு, குறுக்கும் நெடுக்குமாக இருக்கும். இவற்றில் முன்னால் இருப்பதுதான் ஏசிஎல் எனப்படும் முன் சிலுவைத் தசைநார். இரு பக்கங்களிலும் பக்கத்துக்கு ஒன்றாக மற்ற இரண்டும் இருக்கின்றன. எலும்புகளுக்கு இடையே மெத்தைபோல் பிறை வடிவக் குருத்தெலும்புகள் இரண்டு உண்டு. பேச்சுவழக்கில் இவை எல்லாவற்றையுமே ஜவ்வு என்றுதான் சொல்கிறோம்.

ஏசிஎல் கிழிய யாரும் வந்து மோத வேண்டியதில்லை. ஓடிக்கொண்டிருக்கும்போது சட்டென்று திசை மாறுவது, குதித்துத் தரையிறங்கும்போது முழங்கால் உள்பக்கம் சாய்வது, பாதம் தரையில் பதிந்திருக்க உடல் மட்டும் திரும்புவது போன்ற தருணங்களில்தான் பெரும்பாலும் அது அறுகிறது. கால்பந்து, கபடி, கூடைப்பந்து, பாட்மிண்டன் எல்லாவற்றிலும் இந்த அசைவுகள் உண்டு. நம் நாட்டில் இருசக்கர வாகன விபத்தும் ஒரு பெரிய காரணம். ‘டப்’ என்று ஒரு சத்தம், சில மணி நேரத்துக்குள் பெரிதாகும் வீக்கம், நடக்கும்போது கால் நழுவுவது போன்ற உணர்வு ஆகிய மூன்றும் சேர்ந்து இருந்தால் சுளுக்கு என்று விட்டுவிடக் கூடாது.

முழங்கால் மூட்டே விலகியிருந்தால் அது அவசரநிலை. முழங்காலின் பின்புறம் செல்லும் பெரிய ரத்தக் குழாய் அப்போது நசுங்கவோ கிழியவோ கூடும். ஆறிலிருந்து எட்டு மணி நேரத்துக்குள் ரத்த ஓட்டத்தைச் சரிசெய்யாவிட்டால் காலை இழக்கும் ஆபத்து உண்டு. எண்ணெய் போட்டு உருவுவதற்கும் இழுத்துக் கட்டுப் போடுவதற்கும் இது நேரமல்ல. கால் அசையாமல் தாங்கு கொடுத்து, நேரே மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும்.

எல்லோருக்கும் அறுவை சிகிச்சை வேண்டுமா?

வேண்டியதில்லை. சுவீடனில் ஏசிஎல் கிழிந்த 121 இளம் வயதினரை வைத்து நடந்த ஆய்வு 2010இல் வெளியானது. ஒரு பிரிவினருக்கு உடனே அறுவை சிகிச்சையும் பயிற்சியும் தரப்பட்டன. மறு பிரிவினர் பயிற்சியில் தொடங்கினார்கள், தேவைப்பட்டால் பிறகு அறுவை சிகிச்சை செய்துகொள்ளலாம் என்ற ஏற்பாட்டோடு. ஐந்து ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது இரண்டாம் பிரிவில் ஏறக்குறைய பாதிப்பேர் அறுவை சிகிச்சை இல்லாமலே சமாளித்திருந்தார்கள். வலியிலும் செயல்பாட்டிலும் இரு பிரிவினருக்கும் இடையே சொல்லத்தக்க வேறுபாடு இல்லை.

ஆனால் திசை மாறி ஓடும் ஆட்டத்துக்குத் திரும்ப நினைப்பவர், அன்றாட நடையிலேயே கால் நழுவுபவர், பிறைக் குருத்தெலும்பு கிழிந்து மூட்டு பூட்டிக்கொள்பவர், ஒன்றுக்கு மேற்பட்ட ஜவ்வுகள் கிழிந்தவர் ஆகியோருக்கு அறுவை சிகிச்சை தேவைப்படும் வாய்ப்பு அதிகம். எம்ஆர்ஐ அறிக்கையை மட்டும் வைத்து இதை முடிவு செய்ய முடியாது. அந்தக் காலை வைத்துக்கொண்டு நோயாளி என்ன வாழ்க்கை வாழப்போகிறார் என்பதையும் பார்த்தாக வேண்டும்.

தொடை மெலிவது ஏன்?

அடிபட்டது முழங்காலில், மெலிவதோ தொடை. முழங்காலுக்குள் நீர் கோத்து வீங்கினால் நரம்பு மண்டலம் தொடையின் முன்தசையை அடக்கிவைக்கிறது. நோயாளி எவ்வளவு முயன்றாலும் அந்தத் தசை முழுதாக இறுகாது. இரண்டு மூன்று வாரங்களில் இரு தொடைகளுக்கும் உள்ள வேறுபாடு கண்ணுக்கே தெரியும். மாடிப்படி இறங்கும்போது உடல் எடையைத் தாங்குவதும், குதித்து இறங்கும்போது அதிர்ச்சியை வாங்கிக்கொள்வதும் இந்தத் தசைதான். அது பலம் பெறாதவரை, அறுவை சிகிச்சையில் பொருத்திய புதிய ஜவ்வு தனியாகத்தான் பாரம் சுமக்க வேண்டும்.

எனவே அறுவை சிகிச்சைக்குப் பிந்தைய முதல் இரண்டு வாரங்களின் வேலை பார்ப்பதற்கு எளியது, ஆனால் மிக முக்கியமானது. ஐஸ் ஒத்தடத்தாலும் காலை உயர்த்திவைப்பதாலும் வீக்கத்தைக் குறைப்பது, குதிகாலுக்கு அடியில் துண்டைச் சுருட்டிவைத்து முழங்காலை முழுதாக நீட்டிப் பழகுவது, முழங்காலைக் கீழ்நோக்கி அழுத்தித் தொடையை இறுக்கிப் பிடிப்பது, இவ்வளவுதான். வலிக்கு இதம் என்று முழங்காலுக்கு அடியில் தலையணை வைத்துப் படுக்கும் வழக்கத்தை விட்டுவிட வேண்டும். அப்படிப் படுத்தால் கால் மடங்கிய நிலையிலேயே இறுகும். கடைசிச் சில டிகிரி நீளாமல் போனால்கூட நடையில் நொண்டல் நிலைத்துவிடும்.

கெண்டைக்காலில் வலியும் வீக்கமும், காய்ச்சல், காயத்தில் சிவப்பு அல்லது கசிவு இருந்தால் அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும். ரத்தக்கட்டோ கிருமித் தொற்றோ காரணமாக இருக்கலாம்.

மூன்றாம் மாதத்து நம்பிக்கை

மூன்றாம் மாதத்தை ஒட்டிய காலம்தான் பலரை ஏமாற்றுகிறது. புதிய ஏசிஎல் பெரும்பாலும் நோயாளியின் உடம்பிலிருந்தே, தொடையின் பின்தசையிலிருந்தோ முழங்கால் சில்லுக்குக் கீழிருந்தோ, எடுத்த தசைநாண்தான். இடம் மாற்றிப் பொருத்தியதும் அது ரத்த ஓட்டத்தை இழக்கிறது. அதில் உள்ள செல்கள் மடிகின்றன. பிறகு புதிய ரத்த நாளங்கள் மெல்ல நுழைந்து, அது ஜவ்வாக உருமாறத் தொடங்குகிறது. இந்த மாற்றம் முழுமையடைய ஓராண்டுக்கு மேலாகும். முதல் மூன்று மாதங்களுக்குள் அது தன் பலத்தின் அடிமட்டத்துக்கே போய் வருகிறது. அதே நேரத்தில்தான் வலி போய், வீக்கம் வடிந்து, நடை சீராகி, “நமக்கு எல்லாம் சரியாகிவிட்டது” என்று நோயாளி நம்பத் தொடங்குகிறார்.

மைதானத்தில் ஒரே ஒரு ஆட்டம், அவசரத்துக்கு பைக்கில் ஒரு கிக்கர் உதை என்று அப்போது துணிவது பேராபத்து. சம்மணம் போடுவதையும் குத்துக்காலிட்டு உட்காருவதையும் கூட அறுவை செய்த மருத்துவர் அனுமதித்த பிறகே தொடங்க வேண்டும். பிறைக் குருத்தெலும்பையும் சேர்த்துத் தைத்திருந்தால் அதற்கு இன்னும் கூடுதல் காலம் பிடிக்கும்.

ஆனால் சும்மா இருக்க வேண்டும் என்று இதற்குப் பொருள் இல்லை. மூச்சுத் திறன் சில வாரங்களிலேயே சரியத் தொடங்கும் என்பதால், நின்ற இடத்தில் மிதிக்கும் சைக்கிள், காயம் ஆறியபின் நீச்சல் குளத்தில் நடை, உட்கார்ந்தபடி கைகளுக்கும் தோளுக்கும் எடைப் பயிற்சி என்று முதலிலிருந்தே உடலை வேலை வாங்கலாம். நல்ல காலுக்கும் பயிற்சி வேண்டும். பயிற்சி அளவு மீறியதா என்பதை மறுநாள் காலை முழங்காலே காட்டிவிடும். வீங்கியிருந்தால் முந்தைய நாள் சுமை அதிகம். சாப்பாட்டில் புரதம் குறையக் கூடாது. முட்டை, பருப்பு, சுண்டல், மீன், தயிர் என்று வீட்டுச் சமையலிலேயே அது கிடைக்கும்.

எப்போது களம் இறங்கலாம்?

நார்வேயையும் அமெரிக்காவின் டெலவேரையும் சேர்ந்த ஆய்வாளர்கள் 2016இல் வெளியிட்ட முடிவு இதில் தெளிவானது. அறுவை சிகிச்சைக்குப் பின் ஒன்பது மாதம் வரை, ஆட்டத்துக்குத் திரும்புவதைத் தள்ளிப்போட்ட ஒவ்வொரு மாதமும் மீண்டும் அடிபடும் விகிதம் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. பலச் சோதனைகளில் தேறாமல் திரும்பியவர்களில் 38 சதவீதத்தினர் மறுபடி முழங்கால் காயம் அடைந்தார்கள். தேறியவர்களில் அது 6 சதவீதத்துக்கும் குறைவு.

அடிபட்ட காலின் தொடை பலம் நல்ல காலின் பலத்தில் குறைந்தது 90 சதவீதம் இருக்கிறதா, ஒற்றைக் காலில் தாண்டும் தூரமும் அதே அளவுக்கு எட்டுகிறதா என்பவைதான் அந்தச் சோதனைகளில் முக்கியமானவை. ஒன்பது மாதம் கடந்தும் தொடை பலம் 70 சதவீதத்தில் நிற்பவர் இன்னும் தயாராகவில்லை.

அமெரிக்கப் பனிச்சறுக்கு வீராங்கனை லிண்ட்சே வான் 2013 பிப்ரவரியில் ஏசிஎல் கிழிந்து அறுவை சிகிச்சை செய்துகொண்டார். அடுத்த ஆண்டின் சோச்சி ஒலிம்பிக்கைக் குறிவைத்து நவம்பரிலேயே பயிற்சியில் இருந்தார். அப்போது விழுந்து, புதிதாகப் பொருத்திய ஜவ்வு ஓரளவு கிழிந்தது. சோச்சி கைநழுவியது. மாறாக, 2023 ஆகஸ்டில் முழங்கால் அறுவை சிகிச்சை செய்துகொண்ட இந்திய மல்யுத்த வீராங்கனை வினேஷ் போகத், ஓராண்டு முடிவதற்குள் பாரிஸ் ஒலிம்பிக் களத்தில், வெளிநாட்டு வீராங்கனை எவரிடமும் அதுவரை தோற்றிராத ஜப்பானின் யுயி சுசாகியை வீழ்த்தி இறுதிச் சுற்றுக்குத் தகுதி பெற்றார். ஆனால் வினேஷுக்கு முழுநேரப் பயிற்சிக் குழு இருந்தது. வேலைக்குப் போய்வந்து மாலையில் பயிற்சி செய்பவர் அந்தக் கால அளவைத் தன்மேல் சுமத்திக்கொள்ளத் தேவையில்லை.

முழங்கால் தேறியும் மனம் தேறாதவர்கள் உண்டு. ஏசிஎல் அறுவை சிகிச்சைக்குப் பின் 81 சதவீதத்தினர் ஏதாவது ஒரு விளையாட்டுக்குத் திரும்புகிறார்கள். போட்டி அளவிலான ஆட்டத்துக்குத் திரும்புபவர்கள் 55 சதவீதம்தான். மீண்டும் அடிபடுமோ என்ற பயம் இதற்கு ஒரு முக்கியக் காரணம். அதைக் கோழைத்தனம் என்று பயிற்சியாளரோ பெற்றோரோ பழிக்கக் கூடாது. குதிப்பதையும் திரும்புவதையும் படிப்படியாக, கண்காணிப்பில் செய்யவைப்பதே அந்தப் பயத்துக்கு மருந்து.

எங்கே போவது?

தனியார் பிசியோதெரபிக்குப் பல மாதம் செலவழிக்க எல்லோராலும் முடியாது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் பிசியோதெரபிப் பிரிவுகள் இருக்கின்றன. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்திலும் பிசியோதெரபி உண்டு. டிஸ்சார்ஜ் ஆகும் நாளிலேயே அடுத்த ஒன்பது மாதத்துக்கான பயிற்சித் திட்டத்தை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். தினமும் செல்ல முடியாதென்றால் மாதம் இருமுறையாவது காட்டி, வீட்டில் செய்யும் பயிற்சியைத் திருத்திக்கொள்ளுங்கள்.

விளையாடும் பிள்ளைகள் உள்ள வீடுகளுக்குக் கூடுதலாக ஒரு வேண்டுகோள். ஏசிஎல் அறுவை சிகிச்சைக்குப் பின் களம் திரும்பிய 25 வயதுக்கு உட்பட்டவர்களில் ஏறக்குறைய நால்வரில் ஒருவருக்கு அதே காலிலோ மறு காலிலோ இரண்டாம் முறை ஏசிஎல் கிழிகிறது. மாவட்டப் போட்டி வருகிறது, தேர்வு முகாம் வருகிறது என்று யார் அவசரப்படுத்தினாலும், தொடையின் பலத்தை அளந்து பார்க்காமல் பிள்ளையைக் களத்துக்கு அனுப்பாதீர்கள்.